இந்த முகத்துக்கு எந்த ஓவியர்?

"கிளிம்ட் மாதிரி ஒண்ணு வேணும் மேடம், தங்கம் நிறைய வச்சு." "அம்மாவை ரவி வர்மா படத்துல வர்ற மாதிரி உட்கார வச்சுத் தர முடியுமா?" "ஃப்ரீடா காலோ மாதிரி தலை நிறையப் பூ வைங்க." மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டு மாடியில் கலப்பு ஊடக உருவப்படங்கள் செய்துவரும் அந்த ஓவியரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். கையில் கைபேசி, அதில் ஏதாவது ஒரு படம். அவர் அதை வாங்கி நிதானமாகப் பார்ப்பார். பிறகு அவர் கேட்கும் முதல் கேள்விக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

"அம்மா என்ன வேலை பார்த்தாங்க?"

எந்த ஓவியரின் வழியில் போவது என்பதை இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் முடிவு செய்கிறது. தையல் வேலை செய்தவருக்கு ஒருவர், பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவருக்கு ஒருவர், பொன்வேலை செய்தவருக்கு ஒருவர். சுவருக்கும் சோபாவுக்கும் பொருந்துகிற ஓவியரைத் தேர்ந்தெடுத்தால் படம் ஓர் ஆண்டில் சலித்துவிடும் என்கிறார். உட்கார்ந்திருப்பவரின் கைகள் வாழ்நாளெல்லாம் தொட்டுப் புழங்கிய பொருளோடு எந்த ஓவியர் உறவாடினாரோ, அவரிடம் கற்றுக்கொண்டு செய்தால் படத்துக்கு உயிர் வரும் என்பது ஏறக்குறைய நாற்பது ஆண்டு வேலையில் அவர் வந்து சேர்ந்த இடம். பெயர் போட வேண்டாம், வேலையைப் பற்றி எழுதினால் போதும் என்பது மட்டும் அவர் வைத்த நிபந்தனை.

அந்தக் கேள்வியின் வேர் கும்பகோணத்தில் இருக்கிறது. அப்பா அங்கே ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்தவர். நெகடிவை வெளிச்சப் பெட்டிமேல் சாய்த்து வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்தைச் சரிசெய்வார். நெகடிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும்; பிளேடால் சுரண்டிய இடம் கறுக்கும். கண்ணடிக் கருமையும் அம்மைத் தழும்பும் அப்படித்தான் மறைந்தன. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் ஏற்றும் வேலையும் அவருடையதே. இறந்துபோனவரின் படத்தைப் பெரிதாக்கிக் கலர் போட்டுக் கேட்டு வருகிற வீட்டாரிடம் அப்பா விசாரிப்பார்: மாநிறமா, சிவப்பா? எந்தப் புடவையை அதிகம் கட்டுவார்கள்? மூக்குத்தி ஒற்றைக் கல்லா, எட்டுக் கல்லா? நேரில் பார்த்தறியாத ஒரு முகத்தை அந்தப் பதில்களை வைத்துத்தான் அவர் வண்ணத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு புகைப்படம், அதன்மேல் வண்ணம், சில சமயம் நகை இருக்கும் இடத்தில் ஒட்டிய சின்னக் கண்ணாடிக் கல். கலப்பு ஊடகம் என்ற பெயரைக் கல்லூரியில் கேட்பதற்கு வெகுகாலம் முன்பே மகள் அந்த வேலையைப் பார்த்து வளர்ந்துவிட்டார்.

தஞ்சாவூர்ப் படம் எழுதுகிறவர்களும் அக்கம்பக்கத்தில் இருந்தார்கள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் புளியங்கொட்டைப் பசையும் குழைத்த மக்கை மேடாக எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுவதை அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். செட்டிநாட்டு வீடுகளில் வேறொரு வகை. ரவி வர்மா 1894-ல் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த லட்சுமி, சரஸ்வதி படங்களை வாங்கி, வீட்டுப் பெண்கள் அவற்றின்மேல் நிஜப் பட்டுத் துணியும் ஜரிகையும் சமிக்கியும் தைத்தும் ஒட்டியும் அலங்கரித்தார்கள். அச்சில் லட்சக்கணக்கில் வந்த ஒரு படம் அந்த வீட்டின் புடவைத் துண்டு ஏறியதும் அந்த வீட்டுக்கே சொந்தமான லட்சுமி ஆகிவிடும். புகழ்பெற்ற ஓவியரின் படத்தை எடுத்துத் தன் கைப்பொருளைச் சேர்த்துத் தன்னுடையதாக்குவது நம்மூர்ப் பெண்கள் நூறாண்டுக்கு முன்பே செய்த காரியம். அதை அலங்காரம் என்று ஒதுக்கிவிட்டோம். அந்தப் பெண்களின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை என்பதில் அவருக்கு இன்றும் வருத்தம் உண்டு.

எண்பதுகளில் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்தபோது மேற்கத்திய ஓவியங்கள் அவருக்கு நூலகப் புத்தகங்களின் வழியாகவே கிடைத்தன. அவற்றில் பாதி கறுப்பு வெள்ளை அச்சு. எந்த நிறம் எங்கே இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டும். அந்தக் குறை ஒரு பயிற்சியாக மாறியது எப்படி என்பதற்கு அவர் வான்கோவைச் சுட்டுகிறார். 1889-90-ல் செயின்ட் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது வான்கோ தனக்குப் பிடித்த மிய்யேவின் படங்களை இருபதுக்கும் மேற்பட்ட கேன்வாஸ்களில் மறுபடி வரைந்தார். முன்னால் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப்படங்கள். வண்ணம் முழுவதும் வான்கோவுடையது. ஒருவர் இயற்றிய இசையை இன்னொருவர் வாசிக்கும்போது வாசிப்பில் அவருடைய மனோதர்மமும் சேர்வதைப்போல் தன் வேலையை அவர் தம்பிக்கு விளக்கினார். பிக்காசோ 1957-ல் வெலாஸ்கெஸின் ஒரே ஓவியத்தைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் செய்த 58 ஓவியங்களின் வரிசை பார்சிலோனாவில் இருக்கிறது. பெரிய ஓவியர்கள் பெரிய ஓவியர்களிடமிருந்து எடுப்பதற்கு வெட்கப்பட்டதில்லை. எதை எடுத்தார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

கல்லூரி முடித்த புதிதில் அவருக்குத் திருப்பம் தந்தது ஓவியர் பிராக் பற்றிய ஒரு செய்தி. 1912-ல் அவினியோனில் ஒரு கடையில் மரத்தின் ரேகை அச்சடித்த சுவர்த்தாளைப் பார்த்து, அதை வாங்கி வெட்டி ஒட்டி, கரித்துண்டால் பழத்தட்டும் கண்ணாடிக் குவளையும் வரைந்தார் பிராக். ஒட்டுத்தாள் ஓவியம் என்ற வகையே அங்கிருந்து கிளம்பியது. அதே ஆண்டில் பிக்காசோ பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியைக் கேன்வாஸில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாகக் கட்டினார். இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. பிராக்கின் அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடித்து அலங்கரிக்கும் தொழிலாளி என்பதும், பிராக்கும் அந்தத் தொழிலைக் கற்றவர் என்பதும், சீப்பை இழுத்து மர ரேகை வரவழைக்கும் பெயின்டர்களின் உத்தியைப் பிக்காசோவுக்குக் காட்டித் தந்தது அவர்தான் என்பதும் படிக்கும்போது கண்ணில் தங்காமல் போய்விடுகிற வரிகள். ஸ்டுடியோ டச்சிங்காரரின் மகளுக்கு அவை தங்கின. அப்பாவின் பெட்டியில் இருந்த பென்சிலையும் கலர்த் தாள்களையும் பிளேடையும் அவர் ஊரிலிருந்து எடுத்துவந்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் வந்த வேலைகளில் ஒன்று, ஓய்வுபெற்ற ஒரு கண்டக்டருடையது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் பரிசாகக் கேட்டார்கள். எண்ணெய் வண்ணத்தில் ஒரு 'பெரிய மனிதர்' படம் அவர்கள் மனசில் இருந்தது. பேச்சுவாக்கில் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய டிக்கெட் இருப்பது தெரிந்தது. பல்லவன் போக்குவரத்துக் கழகக் காலத்துச் சீட்டுகள், கட்டணத்துக்கு ஒரு நிறம். அங்கே ஷ்விட்டர்ஸ் நினைவுக்கு வந்தார். ஜெர்மனியின் ஹானோவரில், முதல் உலகப் போர் முடிந்த காலத்தில், தெருவில் கிடந்த டிராம் டிக்கெட்டையும் உறைத்தாளையும் மரச்சில்லையும் பொறுக்கிப் படமாக்கியவர் அவர். நாஜிகளுக்குத் தப்பி 1937-ல் நார்வேக்கும் 1940-ல் பிரிட்டனுக்கும் ஓடியபோதும் போன ஊரின் காகிதங்களைப் பொறுக்குவதை விடவில்லை.

ஷ்விட்டர்ஸ் முகம் வரைவதற்காக டிக்கெட்டைப் பயன்படுத்தவில்லை. அவர் படங்களில் அது நிறமாகவும் கோணமாகவும் நிற்கும். ஓவியர் அந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொண்டார். கண்டக்டரின் முகம் கரித்துண்டில். காக்கிச் சட்டை மட்டும் டிக்கெட்டுகளால். மடிப்பு விழும் இடத்தில் கருநிறச் சீட்டு, வெளிச்சம் படும் தோளில் வெளிர் நிறச் சீட்டு. கண்டக்டர் படத்தைப் பார்த்ததும் முகத்தை விட்டுவிட்டுச் சட்டையைத்தான் படிக்க ஆரம்பித்தாராம். எந்தச் சீட்டு எத்தனை பைசா என்பதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

அந்தப் பழைய சீட்டு சாதா அச்சு மையில் அடித்தது. வெயில் படாமல் வைத்தால் அப்படியே நிற்கிறது. பின்னால் மெஷினிலிருந்து வந்த டிக்கெட் சூடு பட்டால் கறுக்கும் ரசாயனத் தாள். சில ஆண்டில் எழுத்து மறைந்து வெற்றுத்தாளாகிவிடும். ஸ்பிரிட் கலந்த வார்னிஷ் பட்டால் உடனே கெட்டுவிடும். இப்போது யாராவது அத்தகைய டிக்கெட்டையோ கடை ரசீதையோ கொண்டுவந்தால், நல்ல தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து அதைத்தான் ஒட்டுகிறார். மூலத்தை உறையில் போட்டுப் படத்தின் பின்னால் வைத்துவிடுவார். செய்தித்தாளுக்கும் இதே விதி. பிக்காசோ ஒட்டிய செய்தித்தாள் துண்டுகள் இன்று அருங்காட்சியகங்களில் பழுப்பேறி நிற்கின்றன. அவர் பெயருக்கு அந்தப் பழுப்பும் மதிப்பாகிவிட்டது. திருமணப் பரிசாகப் போகிற படம் அப்படிப் பழுக்கக் கூடாது.

தையல்காரம்மாவின் படத்தைப் பற்றித்தான் அவர் அதிக நேரம் பேசுகிறார்.

புறநகரில் வாசலில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்தே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு தாய். இறந்து ஓராண்டுக்குள் மகன் வந்தார். கைபேசியில் அம்மாவின் முகத்தை ஒரு செயலி காலோ படம்போல மாற்றித் தந்திருந்தது. அதைப் பெரிதாகச் செய்யச் சொன்னார். வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டு ஓவியர் போய்ப் பார்த்தார். பழுப்புத் தாளில் வெட்டிய ரவிக்கை அளவுகள், வாடிக்கையாளர் பெயரும் அங்குலமும் எழுதிய நோட்டு, ஒரு சாக்கு நிறைய வெட்டுத் துணி, தேய்ந்த சாக்குக் கட்டி. பார்த்த உடனே அவருக்கு பியர்டன் நினைவுக்கு வந்தார்.

ரோமேர் பியர்டன் 1911-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பின ஓவியர். நியூயார்க் நகர சமூகநலத் துறையில் வீடுவீடாகப் போய் விசாரிக்கும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டே வரைந்தவர். ஐம்பதைத் தாண்டியபின், 1964-ல், பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டிய அவருடைய ஒட்டுப்படங்கள் வெளிவந்தன. ஒரு முகத்தில் ஆப்பிரிக்க முகமூடியின் மூக்கு இருக்கும், இன்னொருவரின் கண் இருக்கும், கை முகத்தைவிடப் பெரிதாக இருக்கும். 1970-ல் செய்த ஓர் ஒட்டுப்படத்தில் நிஜத் துணித் துண்டுகளே ஒட்டுப்போர்வையாக விரிந்திருக்கின்றன. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அது உள்ளது. கூடவே ஹன்னா ஹோக்கும் வந்தார். பெர்லினில் ஒரு பெரிய பதிப்பகத்தின் கைவேலைப் பிரிவில் பின்னல், பூத்தையல் மாதிரிகள் வரைந்து சம்பளம் வாங்கிக்கொண்டே வெட்டொட்டுப் படங்கள் செய்தவர்; தையல் மாதிரித் தாள்களையே சில படங்களில் ஒட்டியிருக்கிறார். கத்தரிக்கோல் பிடித்த கைக்கு இவர்களைவிட யார் பொருத்தம்?

அளவுத் தாளே முகத்தின் நிழல் பக்கமாயிற்று. ரவிக்கைக் கழுத்து வளைவு தாடைக்கோட்டில் உட்கார்ந்தது. கைகள் பியர்டன் செய்வதுபோல் பெரிதாக வந்தன. துணித் துண்டுகளால் ஆன கைகள். நோட்டிலிருந்த அங்குலக் கணக்கு பின்புலம் முழுக்க ஓடியது. பாதி வேலையில் பார்க்க வந்த மூத்த மகள், "அம்மா முகத்தை ஏன் மேடம் துண்டு துண்டா வெட்டிட்டீங்க?" என்று கேட்டு அழுதுவிட்டார். பின்னமான உருவத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்பது நம்மிடம் ஆழமாக ஊறியது. சிற்பி சிலையில் கடைசியாகக் கண் திறக்கிற மரபில் வந்தவர்கள் நாம். பியர்டனின் பாணியை அப்படியே வைத்தால் இரண்டு கண்ணும் இரண்டு அளவில் இருக்க வேண்டும். நியூயார்க்கின் ஹார்லெம் தெருவைச் சொல்ல அது சரி, இறந்த தாயைப் பார்க்க ஏங்குகிற மகளுக்குச் சரியில்லை என்று ஓவியர் முடிவெடுத்தார். இரண்டு கண்களும் புருவமும் ஒரே புகைப்படத்திலிருந்து, வெட்டுப்படாத ஒரே துண்டாக வந்தன. மற்ற எல்லாம் சிதறலாம். மறைந்தவர்களின் படங்களில் அவர் இதை அன்றிலிருந்து விதியாக வைத்திருக்கிறார். கண் துண்டை ஒட்டுவதும் கடைசியில்தான். அதற்குச் சாஸ்திரக் காரணத்தோடு ஒரு வேலைக் காரணமும் உண்டு: அதற்கு முன்பே கண் வந்துவிட்டால் அது நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடும், மற்ற இடங்களில் துணிந்து கத்தரி வைக்கக் கை வராது.

கிளிம்டுக்கு வருவோம், அதிகம் கேட்கப்படுவது அவர்தான். அடேல் ப்ளாக்-பாவரின் 1907 உருவப்படத்தை அமெரிக்கரான ரொனால்ட் லாடர் 2006-ல் 13.5 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்த பிறகு நம்மூர்ப் பத்திரிகைகளிலும் அந்தப் படம் அடிபட்டது; அதற்கப்புறம் 'தங்கப் படம்' கேட்டு வருகிறவர்கள் பெருகினார்கள். அவர்களிடம் ஓவியர் படத்தின் பெரிய அச்சை எடுத்து வைத்துத் தங்கம் எங்கே இல்லை என்று காட்டுவார். முகத்தில் இல்லை, கழுத்தில் இல்லை, கைகளில் இல்லை. தோல் தெரியும் இடமெல்லாம் மென்மையான எண்ணெய் வண்ணம். உடையும் நாற்காலியும் பின்புலமும்தான் பொன்னும் வெள்ளியும். சில இடங்களில் கோலம்போல மேடாகவும் எழும்பியிருக்கிறது. தஞ்சாவூர்ப் படத்திலும் இதே ஒழுங்குதானே? கிரீடமும் நகையும் திருவாசியும் மக்கு வைத்து மேடாகும், முகம் தட்டையாக வண்ணத்தில் மட்டும் இருக்கும். கிளிம்டின் அப்பா பொன்னில் செதுக்குவேலை செய்தவர். 1902-ல் வியன்னாவில் எழுதிய பீத்தோவன் சுவரோவியத்தில் கண்ணாடித் துண்டையும் திரைச்சீலை வளையத்தையும் கிளிம்ட் பதித்தார். அவரையும் தஞ்சைக்காரரையும் ஒரே பலகையில் உட்கார வைத்தால் கருவிகளைப் பற்றிப் பேசிக்கொள்ள மொழி தேவைப்படாது.

இதைப் புரிந்துகொண்டபின் அவர் செய்த கிளிம்ட் வகைப் படங்களில் அவருக்கே மிகப் பிடித்தது, தங்கமே குறைவாக உள்ள ஒன்று. அது ஒரு பொற்கொல்லரின் படம். ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் நகை செய்தவர், உடம்பில் பொட்டுப் பொன் இல்லாதவர். பட்டறை மண்ணைக்கூட அரித்துப் பொன் எடுக்கிற தொழில் அது. படத்தில் அவருடைய உடை வெள்ளை வேட்டி, வெறும் அக்ரிலிக். பட்டறைப் பலகையிலும் ஊதுகுழல் நுனியிலும் நகக்கண்ணிலும் மட்டும் ரேக்குத் தூள். நகக்கண் விஷயத்தில் கிளிம்டின் ஒழுங்கை மீறியதற்கு அவர் சமாதானம் எதுவும் சொல்வதில்லை. அந்தத் தொழிலில் இருந்தவர் விரலைப் பார்த்தால் தெரியும் என்பார்.

ரவி வர்மா அலை வேறு வகை. 2020-ன் தொடக்கத்தில் புகைப்படக் கலைஞர் வெங்கட் ராம், சமந்தா, ஸ்ருதி ஹாசன், ரம்யா கிருஷ்ணன் முதலான நடிகைகளை ரவி வர்மா ஓவியங்களைப்போல அமர வைத்து எடுத்த நாட்காட்டி எங்கும் பரவியது. அடுத்த சில மாதங்களுக்கு எல்லா மணப்பெண்களுக்கும் ரவி வர்மா வேண்டியிருந்தது. கலைஞர்களான புஷ்பமாலாவும் கிளேர் ஆர்னியும் 2000 முதல் 2004 வரை எடுத்த புகைப்பட வரிசையில் ரவி வர்மாவின் நிலவொளிப் பெண்ணாகப் புஷ்பமாலாவே வந்து அமர்ந்ததை அவர் முன்பே பார்த்திருந்தார். அதில் ஓவியத்தை நோக்கி ஒரு கேள்வி இருந்தது. தன்னிடம் வந்த மணப்பெண்கள் கேள்வி கேட்க வரவில்லை, அழகாகத் தெரிய வந்தார்கள். அதுவும் நியாயமான ஆசைதான். அவர்களுக்காகச் செட்டிநாட்டு முறையை மறுபடி கையில் எடுத்தார். முகம் ரவி வர்மாவின் மென்மையான ஒளியில். புடவைக்குப் பாட்டியின் கிழிந்த கூறைப் புடவையிலிருந்து வெட்டிய நிஜத் துண்டு. பழைய ஜரிகையில் வெள்ளி இருப்பதால் கடற்காற்றில் கறுக்கும். அந்தக் கறுப்பைத் தேய்த்துப் போக்கச் சொன்னால் மறுத்துவிடுவார்.

ரவி வர்மாவைப் பற்றிப் பேசினால் அவர் ஆறுமுகம் பிள்ளையைச் சொல்லாமல் விடுவதில்லை. திருவனந்தபுரம் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண வித்தையைக் கற்றுத்தர மனமில்லாமல் இருந்தபோது, அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை இளைஞன் ரவி வர்மாவுக்கு மறைவாகச் சொல்லித் தந்ததாக வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. உதவியாளர்கள் வழியாகத்தான் இந்தத் தொழில் கை மாறியிருக்கிறது என்பார். தன்னிடம் வரும் பிள்ளைகளிடம் எந்தப் பசை, எந்தக் கலவை என்று எதையும் அவர் மறைப்பதில்லை.

பசைக்கு ஒரு தனிக் கதை உண்டு. ஆரம்பத்தில் எல்லோரையும்போல எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பசை. கெட்டியாகப் பிடிக்கும், வேலை சீக்கிரம் முடியும். காகிதத்துக்கு மட்டும் சில படங்களில் பைண்டர்கள் செய்வதுபோல மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் துளி மயில்துத்தம் போட்டு ஒட்டியிருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் கீழ்த்தளங்களெல்லாம் மூழ்கின. அடுத்த வாரங்களில் அவர் செய்த படங்கள் ஒவ்வொன்றாக ஊறிப்போய்த் திரும்பி வந்தன. வெள்ளைப் பசையில் ஒட்டிய காகிதத்தைப் பிரிக்கப் போனால் கிழிந்தது. மைதாப் பசையில் ஒட்டியவை தண்ணீரில் தாமாகவே கழன்று முழுசாக வந்தன. உலர்த்தி, புதுப் பலகையில் பழைய இடத்திலேயே ஒட்ட முடிந்தது. பலகை பொருமிப் பாழான படங்களும் அப்படிப் பிழைத்தன. அன்றிலிருந்து காகிதத்துக்கு மாவுப் பசை, துணிக்கும் கனமான பொருளுக்கும் மட்டும் வெள்ளைப் பசை. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் விரல் கனம் இடைவெளி விடாத சட்டக்காரரிடம் அவர் வேலை கொடுப்பதில்லை. கண்ணாடியில் வியர்க்கும் ஈரம் படத்தில் ஒட்டினால் பூஞ்சை நிச்சயம். மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டக் கூடாது என்பதைப் படத்தின் முதுகிலேயே எழுதி அனுப்புகிறார்.

இந்த இடத்தில் ராஷன்பெர்க்கைப் பற்றி அவர் சொன்னதையும் சேர்க்க வேண்டும். தலையணை, போர்வை, டயர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஓவியத்துக்குள் கொண்டுவந்த அந்த அமெரிக்கர் 1975-ல் சாராபாய் குடும்பத்தின் அழைப்பில் அகமதாபாத் வந்து, காந்தி ஆசிரமத்துக் காகித ஆலையில் வேலை செய்தார். அங்கே காகிதக் கூழோடு வெந்தயப் பொடி, அரைத்த புளியங்கொட்டை, சுண்ணாம்புப் பொடியெல்லாம் கலந்து ஒரு சேற்றை உருவாக்கிச் சிற்பம்போலப் படைப்புகள் செய்தார். கும்பகோணத்துத் திண்ணையில் பார்த்த மக்குக் கலவைக்கு உறவுதான் அது. நியூயார்க்கிலிருந்து ஒருவர் வந்து நம் புளியங்கொட்டையைக் கையில் எடுத்தபோது உலகம் அதைக் கலையென்று கண்டது. மக்கு அரைத்த கைகளையும் அப்படிக் காண வேண்டும் என்று அவர் வாதிடும்போது குரல் உயர்ந்துவிடுகிறது.

புகைப்படம் யாருடையது என்ற கேள்வி முன்பெல்லாம் எழுந்ததே இல்லை. இப்போது முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறார். லின் கோல்ட்ஸ்மித் 1981-ல் எடுத்த பாடகர் பிரின்ஸின் படத்தை வைத்து ஓவியர் வார்ஹோல் செய்த உருவங்களில் ஒன்றைப் பத்திரிகைக்கு உரிமம் கொடுத்த வழக்கில், 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புகைப்படக்காரர் பக்கம் நின்றது. வார்ஹோலுக்கே அந்தக் கதி. இந்தியாவில் ஓவியர் மறைந்து 60 ஆண்டு வரை அவர் படைப்புக்கு உரிமை உண்டு. கிளிம்ட் 1918-லும் ரவி வர்மா 1906-லும் மறைந்தவர்கள்; கவலையில்லை. பிக்காசோவுக்கு 2033 முடிய வேண்டும், ஜாமினி ராய்க்கு 2032. ஒரு குறிப்பிட்ட ஓவியத்தை அப்படியே எடுத்தாள்வதற்கும், ஒருவர் பொருளைக் கையாண்ட விதத்திலிருந்து கற்றுக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமும் மதிக்கிறது, அவரும் மதிக்கிறார்.

2016-ல் பிரிஸ்மா செயலி வந்தபோதும், சில ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவே படம் போடத் தொடங்கியபோதும் இனி வேலை வராது என்று நண்பர்கள் சொன்னார்கள். வேலையின் வகைதான் மாறியது. வான்கோ மாதிரி ஒரு முகம் வேண்டும் என்றால் கைபேசியே நொடியில் தந்துவிடுகிறது. அதற்காக இப்போது யாரும் மாடி ஏறுவதில்லை. வருகிறவர்கள் ஒரு பையோடு வருகிறார்கள். பையில் கண்ணாடி உறை, ரேஷன் கார்டு, மூக்குப்பொடி டப்பா, கடிதக் கட்டு. செயலி முகத்தையும் சுவரையும் ஒரே தீற்றலால் நிரப்புகிறது. வான்கோவின் தூரிகையோ கன்னத்தில் கன்னத்தின் வளைவோடும் கோட்டில் துணியின் மடிப்போடும் ஓடும் என்பதை மாணவர்களுக்கு அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்.

இப்போது மேஜையில் இருப்பது ஒரு கம்பாசிடரின் படம். அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்தே காலம் கழித்தவர், எண்பதைத் தாண்டியவர், தானே படியேறி வந்து உட்காருகிறார். இவருக்கு யார் என்ற கேள்விக்குப் பதில் தேடி வெளிநாடு போக வேண்டியிருக்கவில்லை. கோவையில் பிறந்து, சென்னைக் கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர், 1963-லிருந்து வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்துப்போன்ற வரிகளாலும் ஜாதகக் கட்டங்களாலும் கேன்வாஸை நிரப்பினார். படிக்க வராத, ஆனால் பார்க்கப் பார்க்க அர்த்தம் ஊறுகிற எழுத்து. அவர் 1977-ல் மறைந்தவர், உரிமை இன்னும் இருக்கிறது. எழுத்தையே பரப்பாகவும் நிழலாகவும் ஆக்கும் வழியை மட்டும் ஓவியர் எடுத்துக்கொள்கிறார்.

1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் அச்செழுத்துப் பெட்டியிலிருந்து ஒதுக்கப்பட்ட பழைய லை, னை, ணா, றா எழுத்துகளில் ஒரு பொட்டலம் பெரியவரிடம் இருந்தது. அவற்றை மையிட்டு அச்செடுத்து, லேசர் நகலாக்கி, அக்ரிலிக் ஜெல் தடவிய பலகையில் முகம் கீழாக ஒட்டி, காய்ந்தபின் நனைத்துத் தாளை விரலால் தேய்த்து எடுத்தால் எழுத்து மட்டும் தங்கும். இங்க்ஜெட் பிரிண்ட் இதற்கு ஆகாது, நீர் பட்டதும் மை கலைந்துவிடும். இந்த முறையில் எல்லாம் இடவலம் மாறி விழும் என்பதால் எழுத்து வரும் இடங்களில் முன்கூட்டியே கணினியில் திருப்பி நகலெடுப்பது வழக்கம். பெரியவரிடம் இதை விளக்கியபோது அவர் திருப்ப வேண்டாம் என்றார்.

"ஈய எழுத்தே திரும்பித்தாம்மா இருக்கும். ஸ்டிக்குல கோக்கறப்ப அதைத் தலைகீழாப் பிடிச்சு, இடமிருந்து வலமாப் படிச்சுக்கிட்டே போவோம். எனக்கு எழுத்துன்னா அப்படித்தான்."

"அப்ப நெத்தியில வர்ற வரியையும் அப்படியே வச்சிடலாமாங்க ஐயா?"

"வைங்க. படிக்கணும்னு நினைக்கறவங்க தலையைச் சாய்ச்சுப் படிக்கட்டும்."

நெற்றி வரிகள் பழைய லைகளும் னைகளுமாக இடவலம் மாறி ஏறிவிட்டன. மூக்கின் நிழலுக்கு றா போதுமா, இன்னும் கனமான ணா வேண்டுமா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பொட்டலத்தில் ணா குறைவாக இருப்பதால், பழைய எழுத்து வைத்திருக்கும் இன்னொரு அச்சுக்கூடத்தைப் பெரியவர் விசாரித்து வைத்திருக்கிறார்.